இரண்டு விரல் இடைவெளி

திர்சா எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. உலகத்தின் தென்கோடியில், எங்கள் தீவின் மேற்குக் கரையில் மழை எந்த வருஷம் நின்றது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த வருஷத்து மழைதான் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் தண்ணீர்.

எண்பத்தாறாம் வருஷம், மே மாதம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. டெஸ் அப்போது பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குக் குறைவே இருந்ததில்லை. பெற்றவர்கள் ஜெயிலிலோ, குடியிலோ, ஆஸ்பத்திரியிலோ கிடக்கும்போது, குழந்தைகள் நல அலுவலகத்து கிளெனிஸ் தன் நசுங்கிய சின்னக் காரில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். சிலர் ஒரு வாரம் இருப்பார்கள், சிலர் ஒரு வருஷம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் வாய்த்தது. ஊட்டினேன்.

அப்படி வந்த பதின்மூன்று பேருக்கும் என் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திரு, பாத்திரம் கழுவாமல் ஓடிப் போ, கெட்ட வார்த்தை பேசு, பொறுத்துக்கொள்வேன். ஆனால் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அறைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போவது, வாசற்படியில் உட்கார்ந்து தின்பது, இதெல்லாம் என்னிடம் நடக்காது. பதின்மூன்று பேரும் முதலில் முறைத்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள்.

பதினான்காவதாக வந்தவள் திர்சா.

கிளெனிஸ் போனில் கேட்டாள். "ரேவின், அக்கரைப் பொண்ணு ஒண்ணு இருக்கு. பதினோரு வயசு. கால் ஒடைஞ்சிருக்கு. எடுத்துக்குவியா?"

அக்கரைக்காரர்கள் என்றால் எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலி போட்டு, கதவு போட்டு, இருநூறு பேர் ஒரு சபையாக வாழ்ந்தார்கள். மாதம் ஒருமுறை தேனும் மரமும் விற்க வேனில் வருவார்கள். பெண்கள் எல்லாருக்கும் ஒரே நீல நிற அங்கி, தலையில் துணி. நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மழையில் நனைந்து நிற்கிறார்களே என்று ஒரு கோப்பை டீ நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு அதைத் தொடாமலே நிற்பார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதெல்லாம் எங்கள் ஊரில் செல்லாது. அக்கரையை யாரும் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண் மரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். ஆறு வாரம் ஜெபம் மட்டும் செய்திருக்கிறார்கள். எலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டு காய்ச்சலும் வந்த பிறகு தேன் வேனில் ஒளித்து யாரோ ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நீதிபதி இரண்டு விஷயம் சொன்னார். கால் குணமாக வேண்டும். இனிமேல் பிள்ளைகளை வைத்தியரிடம் காட்டுவோம் என்று சபை மூப்பர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் நடக்கும்வரை பெண் வெளியில்தான் இருப்பாள்.

முதல் நாள் வந்தாள். இடுப்புவரை மாவுக்கட்டு, இரண்டு ஊன்றுகோல், காதுவரை இழுத்துக் கட்டிய தலைத்துணி. ஆட்டிறைச்சி வாட்டி, சர்க்கரைவள்ளியும் பட்டாணியும் வைத்திருந்தேன். அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"உக்காரும்மா."

"நான் உங்க மேசையில சாப்பிடக் கூடாது."

"யார் சொன்னா?"

"மூப்பர்."

"மூப்பர் இங்க இல்லியே."

"கர்த்தர் இருக்காரே" என்றாள்.

டெஸ் கிழங்கு வாயிலிருக்கச் சிரித்துப் புரையேறிப் போனான். "ரே, இத்தன வருஷத்துக்கு அப்புறம் உனக்குச் சரியான ஆள் வந்து சேர்ந்திருக்கு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் காலொடிந்த பிள்ளையிடம் என்ன கத்துவது? துணி துவைக்கும் அறையில் மெஷின் மேல் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டாள். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் கேட்டுவிட்டேன். "ஒத்தக் கால்ல எத்தன மாசம்டி நிப்ப?"

அவள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு மேசை இருந்தா உக்காரலாம், வீட்டுக்காரம்மா. நடுவுல ரெண்டு விரல் எடம் விடணும். மேல ஒரே துணியாப் போட்டுக்கலாம்."

வெளியாட்களை அவர்கள் சகோதரி என்று கூப்பிடக் கூடாதாம். ஆன்ட்டி என்கிற வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை. ஆகவே நான் வீட்டுக்காரம்மா. டெஸ் வெறும் டெஸ்.

"துணிக்குத் தீட்டு கெடையாதா?" என்றேன்.

"துணி மரியாதைக்கு."

"சரி, எங்க மேசையிலயே சாப்பிட்டுட்டா என்ன ஆயிடும்?"

"வீட்டுக்குப் போனதும் மூணு வருஷம் தள்ளி உக்காரணும். அம்மாகூடச் சாப்பிட முடியாது. அம்மா பிச்சுக் குடுக்கற ரொட்டிய அவங்க கையிலேர்ந்து வாங்கக்கூட முடியாது." இதைச் சொல்லும்போது முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது. "எங்கம்மா ரொட்டி நீங்க சாப்பிட்டதில்ல."

டெஸ் கொட்டகையிலிருந்து பழைய சீட்டாட்ட மேசையை எடுத்துவந்தான். அது எங்கள் மேசையைவிடக் கட்டைவிரல் அளவு குட்டை. காலுக்கடியில் மரத்துண்டு வைத்துச் சமன் செய்தான். பிறகு நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்து, "ரெண்டு விரல்னா யாரு விரல்? என் விரலா, உன் விரலா? என் ரெண்டு விரல்ல உன் கையே அடங்கிடும்" என்றான். அவள் குனிந்து தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இது போதும்" என்றாள். மேலே என் பூப்போட்ட துணியை விரித்தேன். வாசலிலிருந்து பார்க்கிற யாருக்கும் ஒரே நீள மேசை போலத்தான் தெரியும். என் சட்டம் உடையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். ஒவ்வொரு வேளையும் உறுத்தியது.

சாப்பாட்டுக்கு முன் துணியைத் தூக்கி விரல் வைத்து அளப்பாள். டெஸ் கேலி செய்வான். "எல்லைச் சோதனை முடிஞ்சுதா ஆபீசர்? உப்பு அனுப்பலாமா, இல்ல அதுக்குச் சுங்கம் கட்டணுமா?" அவள் முகம் மாறாமல், "உப்பு வரலாம்" என்பாள்.

எங்கள் பக்கம் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அந்த வருஷக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் நிலக்கரி அடுப்பின் வாசனை வருகிறது. அடுப்புக்கு மேல் கொடியில் நனைந்த கம்பளிச் சட்டைகள் தொங்கும், கதவுக்குப் பின்னால் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் நிற்கும், அதில் ஒன்று ஒற்றையாக, ஏனென்றால் மற்றக் காலில் மாவுக்கட்டு. வானொலியில் ரக்பி. அவள் அதற்கு முன் வானொலி கேட்டதே இல்லை.

"ஏன் இப்படிக் கத்துறாங்க? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"இல்லம்மா, நம்மாளுங்க தோத்துட்டிருக்காங்க" என்றான் டெஸ், செத்த வீட்டுக் குரலில்.

அன்று ராத்திரி ஜெபத்தில் தோற்றவர்களுக்காக வேண்டிக்கொண்டாள். அடுத்த வாரம் எங்கள் அணி ஜெயித்தது. அதிலிருந்து டெஸ் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் அவளிடம் வந்து, "ஒரு வார்த்த சொல்லி வை" என்று கெஞ்சுவான். "அதுக்கெல்லாம் கேக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். ஆனாலும் கேட்டாள் என்றே நினைக்கிறேன். அந்த வருஷம் நாங்கள் நிறைய ஜெயித்தோம்.

அவளுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது! மாவைத் தொட்டே அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்வாள். தேனீ கொட்டாமல் கூட்டைத் திறக்கத் தெரியும். என் தையலைப் பார்த்து, "யார் கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிரித்துவிட்டாள். பதினோரு வயதுக் கழுதை! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் அவள் மறுபடி தைத்துக் கொடுத்த பாவாடையைப் பத்து வருஷம் கட்டினேன்.

அம்மாவைப் பற்றித் தினமும் பேசுவாள். மூப்பர்கள் அவளைப் பார்க்க அம்மாவை அனுப்பவில்லை. மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தும் ஒருமுறைகூட வரவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால், "போயிட்டார்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பெயராது.

ஆகஸ்டில் ஒருநாள் கவனித்தேன். சாப்பிட உட்கார்ந்தாள், ஜெபம் செய்தாள், கரண்டியை எடுத்தாள். துணியைத் தூக்கவில்லை. மறுநாளும் தூக்கவில்லை. எங்களை நம்பிவிட்டாள். நான் சந்தோஷத்தில் அன்று ஆப்பிள் பணியாரம் செய்தேன். எதற்கு என்று டெஸ் கேட்டதற்கு, "உனக்கு வேணுமா வேணாமா?" என்றேன்.

செப்டம்பரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். லேசாக விந்தினாலும் கால் நேராக இருந்தது. அதே வாரம் ஞாயிறு காலையில் கிளெனிஸ் கூப்பிட்டாள். மூப்பர்கள் இறங்கி வருகிறார்களாம். அடுத்த மாதம் கையெழுத்தாகிவிடும். திர்சா வீட்டுக்குப் போய்விடலாம்.

"சந்தோஷமா இல்லியா ரேவின்?" என்றாள்.

"ஏன் இல்லாம?" என்று போனை வைத்தேன்.

அன்று டெஸ் விடியற்காலையிலேயே ஆற்று முகத்துவாரத்தில் வலை போட்டு, கண்ணாடித் துண்டுகள் மாதிரி துள்ளும் சின்ன வெண்மீன்களை அரை வாளி கொண்டுவந்திருந்தான். சீசனின் முதல் மீன். முட்டையில் கலந்து அடை அடையாகப் பொரித்தேன். பொரித்துக்கொண்டே எனக்குள் ஒன்று வெந்துகொண்டிருந்தது. பதின்மூன்று பேர் உட்கார்ந்த மேசை. ஜெயிலுக்குப் போனவன் மகன் உட்கார்ந்தான், திருடியவள் உட்கார்ந்தாள். நான் பெற்ற பிள்ளையாய் நினைக்க ஆரம்பித்திருக்கும் இந்த ஒருத்திக்கு மட்டும் என் மேசை தீட்டு. போகப் போகிறாள். ஒரு வேளையாவது என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே.

துணியை விரிக்கும்போது சீட்டாட்ட மேசையை இடுப்பால் ஒரு இடி இடித்தேன். அவ்வளவுதான். இரண்டு விரல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். அளக்கவில்லை. டெஸ் தன் லாரியைக் காளை துரத்திய கதையைச் சொன்னான். ஆயிரம் தடவை சொன்ன கதை. ஒவ்வொரு தடவையும் காளை பெரிதாகிக்கொண்டே போகும். அன்று அது லாரியைவிடப் பெரிதாக இருந்தது. திர்சா சிரித்தாள். அதுவரை புன்னகைதான் பார்த்திருக்கிறோம். அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழு அடை சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாத்திரம் துடைக்கும்போது டெஸ்ஸிடம் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். அவன் துண்டைக் கீழே வைத்தான். முப்பது வருஷத்தில் அவன் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது மிகக் கொஞ்சம்.

"அவ அளக்கறத ஏன் நிறுத்தினா தெரியுமா? உன்ன நம்பி."

"அவளுக்குத் தெரியாதே. தெரியாமச் செஞ்சா பாவம் இல்ல."

"அவளுக்குப் பாவம் இல்லதான். உனக்கு?"

போய் மேசையை இழுத்துச் சரியாக வைத்தான். தன் விரலை வைக்கவில்லை. குனிந்து அவள் விரல் எவ்வளவு இருக்கும் என்று யோசித்து யோசித்து வைத்தான். "அவகிட்டச் சொல்லிடு" என்றான்.

"சொன்னா அவ அம்மாகூடச் சாப்பிட முடியாது டெஸ்."

"இத இடிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

நான் சொல்லவில்லை. தினமும் சொல்ல நினைத்து, தினமும் விழுங்கினேன்.

அக்டோபர் நடுவில் அவள் அம்மா வந்தாள். ஊர்ப் பெண்கள் சங்கத்துக் கூடத்தில் சந்திப்பு. திர்சா அன்று விடியும் முன்பே எழுந்து தலைத்துணியை மூன்று தடவை மாற்றிக் கட்டினாள். கூடத்தில் மடக்கு மேசைகள் இரண்டை ஒட்டிப் போட்டு, சுற்றி நாற்காலிகள் வைத்திருந்தார்கள். கிளெனிஸ் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தேன் வேன் இஞ்சினை அணைக்காமல் நின்றது. வேனுக்குள்ளே மூப்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் பெயர் ஹுல்டா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஆனால் கைகள் என்னைவிடக் கிழடு. மகளைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கூடையை மேசைமேல் வைத்து, ரொட்டியை எடுத்து, வேகவைத்த முட்டையும் வெண்ணெயும் எடுத்துவைத்தாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அந்த வாசனைக்கு திர்சா என் கையை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் கிளெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹுல்டாவின் விரல்கள் ரொட்டியைப் பிய்க்கத் தயாராக அதன்மேல் இருந்தன.

"மூப்பர் கையெழுத்துப் போட்டுட்டார். வர்ற வாரம் நீ வீட்டுக்கு வரலாம்" என்றாள். பிறகு, கேட்டாக வேண்டிய கேள்வி என்பதால் கேட்டாள். "அவங்க மேசையில சாப்பிட்டியா?"

இல்லை என்பாள், அவளுக்குத் தெரியாது, இல்லை என்றே நம்புகிறாள். கடவுளே, இந்த ஒரு தடவை தப்பிக்க விடு என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒரு தடவ" என்றாள் திர்சா.

"இல்ல!" நான் எழுந்துவிட்டேன். "அது நான் பண்ணின வேல. நான்தான் மேசைய இடிச்சேன். கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாது, அவமேல எந்தத் தப்பும் இல்ல. நான் சத்தியம் பண்றேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் திர்சா, என்னைப் பார்க்காமல். "நடுவுல துணி எப்பவும் தொய்வா இருக்கும். அன்னிக்கு நேரா இருந்துச்சு. அடியில கை விட்டுப் பாத்தேன். ஒட்டிட்டிருந்துச்சு."

"அப்ப ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டாள் அம்மா. குரலில் கோபமே இல்லை.

"டெஸ் கதை சொல்லிட்டிருந்தார். எல்லாரும் சிரிச்சிட்டிருந்தோம்." அவள் உதடு கோணியது. "எந்திரிக்க மனசு வரலம்மா."

ஹுல்டா ரொட்டிமேல் இருந்த விரல்களை எடுத்துக்கொண்டாள். வெளியே வேன் உறுமியது. பிறகு எழுந்து, ஒட்டியிருந்த இரண்டு மேசைகளில் மகள் உட்கார்ந்திருந்ததை மெல்ல நகர்த்தினாள். இரண்டு விரல்களைச் சேர்த்து நடுவில் வைத்துப் பார்த்தாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை மகளின் மேசைமேல் வைத்து, கையை எடுத்த பிறகே, "எடுத்துக்கோ" என்றாள். நான் செய்த காரியம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுவதற்கும் எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தும் அழுதேன்.

திர்சா ரொட்டியை எடுக்கவில்லை. ஹுல்டாவும் வாயில் வைக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

"நானா?"

"இவ அப்பா மூணு வருஷம் அந்தப் பக்கம் உக்காந்தார். வானொலி ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தார்னு. நாங்க எல்லாம் இந்தப் பக்கம். அவரு மேசையில அவரு மட்டும். கைநீட்டினா தொடலாம், அவ்வளவு கிட்டத்துல. ஒருநாள் காலையில தட்டு இருந்துச்சு, ஆளக் காணோம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இவ இப்ப அங்க வந்தா இவகூட உக்கார யாருமில்ல. நான் உக்காந்தா மத்த மூணு பிள்ளைங்களும் என்கூட அந்தப் பக்கம் வரணும். உங்க வீட்டுல சிரிக்கறாங்கன்னு சொல்றா. இவ உங்ககிட்டயே இருக்கட்டும்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். இவள மட்டும் தனியாச் சாப்பிட விட்டுடாதீங்க."

மகள் "அம்மா" என்றாள். அம்மா, வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் போய் திர்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தன் பாதி ரொட்டியை மறுபடி பாதியாக்கி என்னிடம் தள்ளினாள். அந்தப் பக்கத்தில் ஹுல்டா சாப்பிட ஆரம்பித்தாள். நாங்களும் ஆரம்பித்தோம். நான் நிறுத்தாமல் மென்றேன், அவள் கடைசித் துண்டை முடிக்கும்வரை.